மெக்சிகோவின் வயாடோலித்: சுண்ணாம்புக்கல் மேல் ஓர் ஊர், அதன் போர், அதன் அடுப்பு

தேனடை:

வேலை நிமித்தம் மெக்சிகோவின் யுகட்டான் மாநிலத் தலைநகர் மெரிடாவில் இருக்கிறேன். மெக்சிகோ என்றால் நம் ஆட்கள் எழுதுவது சிச்சென் இட்சா பிரமிடு, கான்குன் கடற்கரை, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வயாடோலித்தைப் பற்றித் தமிழில் யாராவது ஆற அமர எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காகவே இந்த இழை.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். யுகட்டான் தீபகற்பத்தின் வடபாதியில் தரைமேல் ஓடும் ஆறே கிடையாது. முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை பாறைக்குள் இறங்கி அடியிலேயே ஓடுகிறது. குகைக்கூரை இடிந்து விழுந்த இடங்களில் மட்டும் கீழே தண்ணீர் தெரியும். அந்த இயற்கைக் கிணறுகள்தான் செனோட்டே. தண்ணீர் எங்கே வெளியே தெரிந்ததோ அங்கே மாயா மக்கள் ஊர் அமைத்தார்கள். குபுல் என்ற மாயா குலத்தாரின் சாசி அப்படி ஒரு ஊர்.

ஸ்பானியர் 1543இல் வேறோர் இடத்தில், ஒரு காயலோரம், வயாடோலித்தை நிறுவினார்கள். நிறுவியவர் பிரான்சிஸ்கோ தே மொந்தேஹோ. அதே பெயரில் உறவினரான ஒரு பெரியவர், அவர் மகன், இவர் என்று மூன்று பேர் இருந்ததால் இவரை 'எல் சோப்ரினோ', அதாவது 'உடன்பிறந்தார் மகன்' என்று வரலாற்றில் பிரித்துச் சொல்வார்கள். கொசுவும் ஈரமும் தாங்காமல் 1545இல் ஊரையே தூக்கிக்கொண்டு சாசிக்கு வந்தார்கள். மாயா கோயில்களை இடித்து அந்தக் கல்லிலேயே புது ஊரைக் கட்டினார்கள். அடுத்த வருடமே, 1546இல், கிழக்குப் பகுதி மாயா மக்கள் பெரிய அளவில் எழுந்தார்கள், அடக்கப்பட்டார்கள்.

என் கட்சி இதுதான்: இந்த ஊரின் வரலாற்றையும் சமையலையும் பிரித்துப் பேச முடியாது. கோயில் போய்விட்டது, நிலம் போய்விட்டது. அடுப்பு மட்டும் கைமாறவில்லை. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள்.

கொழும்புத்துறை:

நல்ல இழை அண்ணா. நாங்கள் டொராண்டோவில் இருந்து குளிர்காலத்தில் கான்குன் போய், அங்கிருந்து ஒருநாள் பஸ் சுற்றுலாவில் சிச்சென் இட்சா பார்த்தோம். திரும்பும்போது வயாடோலித்தில் இறக்கிவிட்டு 'முப்பது நிமிடம்' என்றார்கள். ஒரு தேவாலயம், ஒரு பூங்கா, மஞ்சள் சுவர்கள். அவ்வளவுதான் பார்த்தோம். மதியச் சாப்பாடும் அந்தச் சுற்றுலாக்காரர்களின் பஃபே, கோழிப்பொரியலும் பாஸ்தாவும். இந்தக் குளிருக்கும் போகிற எண்ணம் இருக்கு. இரண்டு நாள் தங்கினால் என்ன பார்க்கலாம்?

தேனடை:

@கொழும்புத்துறை, இரண்டு நாள் தாராளம்.

நீங்கள் பார்த்த பூங்கா ஊரின் நடு. சுற்றிலும் லாரல் மரங்கள், நடுவில் மாயா பெண் உருவம் வைத்த நீரூற்று, ஒருவரை ஒருவர் பார்த்து உட்காரும்படி S வடிவத்தில் வளைத்த வெள்ளை இரட்டை நாற்காலிகள். சாயங்காலம் அங்கே மார்க்கெசீத்தா வண்டிகள் வரும். மெல்லிய மாவை இரும்புத் தட்டில் மொறுமொறுவென்று சுட்டு, எடாம் சீஸைத் துருவிப் போட்டுக் குழலாகச் சுருட்டித் தருவார்கள். இனிப்பும் உப்பும் சேர்ந்து வரும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து தென்மேற்கே 'பாதிரிமார் சாலை' என்ற தெரு சாய்வாகப் போகிறது. மற்ற தெருக்களெல்லாம் கட்டம் போட்டது போல நேராக இருக்க, இது மட்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஸ்பானியர் இருந்த நகர மையத்தையும் மாயா மக்கள் இருந்த சிசால் பேட்டையையும் இணைத்த வழி. அதன் முடிவில் சான் பெர்னார்தினோ மடம். 1552இல் பிரான்சிஸ்கன் துறவிகள் தொடங்கி 1560இல் முடித்தது. கோட்டைச் சுவர் போலத் தடித்த சுவர்.

மடத்துத் தோட்டத்துக்குள் ஒரு செனோட்டே இருக்கிறது. அதற்கு மேல் 1613இல் கல்லால் குவிமாடம் கட்டி, உள்ளே கோவேறு கழுதை பூட்டிச் சுற்றும் நீரேற்றச் சக்கரம் வைத்தார்கள். குவிமாடத்துக்குள் நின்று எட்டிப் பார்த்தால், இருட்டுக்குள் பச்சைத் தண்ணீர். குளிக்க அனுமதி இல்லை. பின்னாளில் தொல்லியல் ஆய்வாளர்கள் அதில் முக்குளித்து, 19ஆம் நூற்றாண்டுப் போரில் போடப்பட்ட துப்பாக்கிகளை எடுத்தார்கள். சில மடத்திலேயே காட்சிக்கு இருக்கின்றன. மடம், கிணறு, துப்பாக்கி மூன்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம்.

குளிக்க வேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே சாசி செனோட்டே. பாதி குகை, பாதி திறந்த வானம். ஊர் பிறந்ததே அதைச் சுற்றித்தான். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி சித்னுப் கிராமத்தில் இன்னும் இரண்டு உண்டு. வடக்கே முக்கால் மணிக்கும் குறைவான தூரத்தில் ஏக் பாலாம் இடிபாடுகள். அங்கே உகித் கான் லேக் தோக் என்ற அரசனின் கல்லறை வாசலில், சுண்ணாம்புச் சுதையில் செய்த இறக்கை முளைத்த மனித உருவங்கள் ஆயிரம் வருடம் தாண்டியும் மூளியாகாமல் நிற்கின்றன. சிச்சென் இட்சாவின் கூட்டத்தில் பாதி கூட இல்லை. எனக்கு ஏக் பாலாம்தான் ஒரு படி மேல்.

கல்மரம்:

இழைக்கு நன்றி. நீங்கள் சொன்ன துப்பாக்கிகளுக்குப் பின்னால் உள்ள கதையைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

அதற்கு முன் பூங்காவின் தெற்கே நிற்கும் சான் செர்வாசியோ தேவாலயம் பற்றி ஒரு வார்த்தை. இப்போது இருப்பது 1706இல் கட்டியது. அதற்கு முந்தைய கோயிலில் 1703இல் ஒரு கொலை நடந்தது. அதிகாரப் போட்டியில் தோற்று அடைக்கலம் புகுந்த இருவரை ஆல்கால்தேக்கள் எனப்பட்ட நகர அதிகாரிகளின் ஆட்கள் கோயிலுக்குள்ளேயே புகுந்து பிடித்தார்கள், உயிர் போயிற்று. புனிதம் கெட்டுவிட்டதென்று பிஷப் கோயிலை இடிக்கச் சொன்னார். புதிதாகக் கட்டியபோது முகப்பை மேற்கே வைக்காமல் வடக்கே திருப்பிவிட்டார்கள். யுகட்டானின் பழைய தேவாலயங்கள் பெரும்பாலும் மேற்கு பார்த்தவை. இது மட்டும் ஊரின் தண்டனையைச் சுமந்துகொண்டு திரும்பி நிற்கிறது.

இனி போர். வயாடோலித் வெள்ளையர்களின் குலச்செருக்குக்குப் பேர்போன ஊர். ஆனால் சுற்றுவட்டாரம் முழுக்க மாயா உழவர்கள். 1839இல் சாந்தியாகோ இமான் என்பவர் மெக்சிகோ மைய அரசுக்கு எதிராகக் கிளம்பியபோது, தேவாலய வரியை நீக்குவதாகச் சொல்லி மாயா ஆட்களைப் படைக்குச் சேர்த்தார். 1840இல் வயாடோலித்தைப் பிடித்ததே அந்தப் படைதான். வாக்குறுதி காற்றில் போனது. துப்பாக்கி பிடிக்கக் கற்றது மட்டும் மிஞ்சியது. ஊர்ப் பொதுநிலங்களைக் கரும்புத் தோட்டங்கள் விழுங்கின. கடனுக்கு ஆயுள் முழுக்க உழைக்கும் வழக்கம் இறுகியது.

1847 ஜூலை 26ஆம் தேதி மானுவேல் அந்தோனியோ ஆய் என்ற மாயா தலைவரைச் சதி செய்ததாகச் சொல்லி வயாடோலித்தில் வைத்துக் கொன்றார்கள். மாயா மக்கள் பார்க்க வேண்டும் என்றே பகிரங்கமாகச் செய்தார்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 30, செசீலியோ சி தலைமையில் தெபிச் ஊர் தாக்கப்பட்டது. 'சாதிப் போர்' என்று பெயர் வாங்கிய போரின் தொடக்கம் அது. 1848 மார்ச்சில் வயாடோலித் முற்றுகைக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் காலியானது. மே மாதம் பெரிய ஊர்களில் மெரிடாவும் காம்பெச்சேயும் மட்டும்தான் பாக்கி என்கிற நிலை.

சித்திரைப்பாவை:

அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஏன் மெரிடாவைப் பிடிக்கவில்லை? எங்கேயோ எறும்பு காரணம் என்று படித்த ஞாபகம்.

கல்மரம்:

எறும்பு இல்லை என்று தள்ளிவிட முடியாது. மழைக்கு முன் இறக்கை முளைத்த எறும்புகள் கூட்டமாகப் பறந்தன, உடனே வீரர்கள் 'சோளம் விதைக்கும் காலம் வந்துவிட்டது' என்று ஊர் திரும்பினார்கள் என்பது ஒரு மாயா தலைவரின் மகன் பின்னாளில் சொன்னதாகப் பதிவான கதை. வரலாற்றாய்வாளர்கள் இதோடு உணவுத் தட்டுப்பாடு, எதிர்த்தரப்புக்கு வந்த உதவி, தலைவர்களுக்குள் பிளவு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆனால் எறும்புக் கதை ஒரு உண்மையைத் தொடுகிறது. அது உழவர் படை. சம்பளம் கிடையாது. விதைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வீட்டில் பட்டினி.

போர் கிழக்குக் காடுகளில் தொடர்ந்து, 1901இல்தான் முடிந்ததாக அரசு அறிவித்தது. வயாடோலித்தின் கதை அதோடும் முடியவில்லை. 1910 ஜூன் 4 அன்று போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சிக்கு எதிராக இங்கே ஒரு கிளர்ச்சி வெடித்தது. தலைவர்களில் மூவரை அந்த மாதமே சுட்டுக் கொன்றார்கள். மெக்சிகப் புரட்சி நவம்பரில் தொடங்கியதாகத்தான் பாடப்புத்தகம் சொல்லும். வயாடோலித்காரர்கள் 'முதல் பொறி எங்கள் ஊரில்தான்' என்பார்கள். எனக்கு அந்த உரிமை நியாயமாகவே படுகிறது. சான் ரோக்கே அருங்காட்சியகத்தில் இந்த இரண்டு கதைகளையும் பார்க்கலாம்.

தேனடை:

@கல்மரம் எழுதியதில் சோளம் விதைப்பு வந்துவிட்டது. அங்கிருந்தே அடுப்படிக்குப் போகலாம்.

மாயா வீட்டில் மக்காச்சோளத்தை நேராக அரைக்க மாட்டார்கள். சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் கழுவித் தோல் நீக்கி அரைப்பார்கள். மாவு ஒட்டும், வாசனை மாறும், சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்து உடம்பில் சேரும். சோளம் மட்டும் கடல் தாண்டிப் போய் இந்தச் செய்முறை கூடப் போகாத ஐரோப்பிய ஊர்களில் ஏழைகள் அந்தச் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள். தரையெல்லாம் சுண்ணாம்புக்கல் என்று முதலில் சொன்னேனே, சமையலுக்கான சுண்ணாம்பும் அதே கல்லைச் சுட்டு எடுத்ததுதான்.

வயாடோலித்தின் அடையாளப் பதார்த்தம் கிழக்கு யுகட்டான் எஸ்கபெச்சே. நாட்டுக்கோழி அல்லது வான்கோழி. மிளகு, கிராம்பு, சீரகம், பட்டை, ஒரேகானோ, சுட்ட பூண்டு, வினிகர் எல்லாம் சேர்த்து அரைத்த சாந்தைத் தடவுவார்கள். முதலில் கோழியை முழுசாக வேகவைத்து எடுத்து, சாந்து பூசி, கரித்தணலில் இரண்டு பக்கமும் கருகல் புள்ளி விழ வாட்டுவார்கள். வெந்த நீர் அப்படியே தெளிந்த சாறாக இருக்கும். அதில் வளையமாக நறுக்கிய வெங்காயமும் சுட்ட ஷ்காதிக் மிளகாயும் விழும். இந்த மிளகாய் வெளிர்மஞ்சள், நீளம், காரம் குறைவு. கிண்ணத்தில் கோழியை வைத்துச் சாற்றை ஊற்றும்போது முதலில் மூக்கில் ஏறுவது வினிகர், அடுத்து கிராம்பு, அப்புறம் கரிப்புகை.

இது தவிர லோமீத்தோ, அதாவது சின்னத் துண்டுகளாக வெட்டிய பன்றி இறைச்சியைத் தக்காளியில் சுருள வேகவைத்தது. லொங்கனீஸா என்ற புகையூட்டிய சிவப்பு சாசேஜ் வீட்டுக்கு வீடு வேறு கைப்பக்குவம். சந்தையில் சரம் சரமாகத் தொங்கும். இந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் தீபகற்பம் முழுக்க விற்கிறார்கள்.

மிளகுக்கொடி:

ஒரு மறுப்பு. இழைக்காரர் 'அடுப்பு மட்டும் கைமாறவில்லை' என்றார். நான் சமையல் வரலாறு படிப்பவள். யுகட்டானின் புகழ்பெற்ற பன்றி இறைச்சிப் பதார்த்தமான கொச்சினீத்தா பிபிலை எடுங்கள். பன்றி ஸ்பானியர் கொண்டுவந்தது. புளிப்பு ஆரஞ்சு அவர்கள் கொண்டுவந்தது. சுற்றுகிற வாழை இலையும் கொலம்பஸுக்குப் பிறகு வந்ததுதான். எஸ்கபெச்சே என்பது அரபு வழியாக ஸ்பெயினுக்கு வந்த ஊறல் முறை. நீங்கள் அடுக்கிய மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பயிர், கிராம்பு மலுக்குத் தீவுகளின் பயிர். இதில் மாயா எது? ஸ்பானியச் சமையல் மாயா மண்ணில் நடந்தது என்று சொன்னால்தான் நேர்மை.

தேனடை:

@மிளகுக்கொடி, நீங்கள் அடுக்கிய பொருள்களின் பூர்வீகம் எல்லாம் சரி. ஆனால் பொருளின் ஊரை மட்டும் வைத்துச் சமையலின் ஊரைத் தீர்மானிக்க முடியாது என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் மிளகாய் மெக்சிகோ பக்கத்துப் பயிர், போர்ச்சுகீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது. அதனால் செட்டிநாட்டுச் சமையல் மெக்சிகோ சமையல் ஆகிவிடுமா?

கொச்சினீத்தாவில் நிலைத்திருப்பது பீப் என்ற குழியடுப்பு. மண்ணில் குழி வெட்டி, விறகெரித்து, கற்கள் சிவக்கும்வரை காத்திருந்து, இலையில் பொதிந்த இறைச்சியை இறக்கி மண் போட்டு மூடுவது. பன்றி வருவதற்கு முன் அதே குழியில் மானும் வான்கோழியும் காட்டுப்பன்றி போன்ற பெக்கரியும் வெந்தன. சிவப்பு நிறம் தரும் அச்சியோட்டே விதை அந்த வட்டாரத்துப் பயிர்தான். வந்த பன்றியை மாயா அடுப்பு வாங்கிக்கொண்டது. பன்றிக்காக அடுப்பு மாறவில்லை.

எஸ்கபெச்சே விஷயத்தில் உங்கள் பக்கம் கூடுதல் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஸ்பெயினில் எஸ்கபெச்சே என்றால் எண்ணெயிலும் வினிகரிலும் ஊறிக் குளிர்ந்தது. வயாடோலித்தில் அது சுடச்சுடக் குடிக்கும் சாறு, கூடவே சோள ரொட்டி.

மிளகுக்கொடி:

குழியடுப்பு வாதத்தை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: 'கைமாறவில்லை' என்பதை விட, 'வந்ததையெல்லாம் தன் முறைக்கு வளைத்தது' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. கறுப்பு ரெக்காடோ பற்றி எழுதுங்களேன், அதுதான் உங்கள் வாதத்துக்கு நல்ல ஆதாரம்.

தேனடை:

ஆமாம், அதை விடக் கூடாது. காய்ந்த மிளகாயைக் கரியாகும்வரை எரித்து, ஊறவைத்து, காரமான கசப்பை வடித்துவிட்டு, மசாலாவோடு அரைத்த கறுப்புச் சாந்து. நம் வீட்டில் மிளகாய் வறுத்தால் தெருவே தும்முமே, அதைப் போலப் பத்து மடங்கு. அதனால் ஊருக்கு வெளியே வெட்டவெளியில்தான் எரிப்பார்கள். அந்தச் சாந்தில் வான்கோழி வெந்தால் ரெயேனோ நெக்ரோ. தட்டில் தார் ஊற்றியது போலக் கன்னங்கரேலென்று இருக்கும். நடுவில் வெள்ளை முட்டை வைத்த கொத்துக்கறி உருண்டை. பார்த்ததும் சிலர் பின்வாங்குவார்கள். ஒரு வாய் சாப்பிட்டவர்கள் நிறுத்த மாட்டார்கள்.

சந்தையில் சிவப்பு, கறுப்பு, எஸ்கபெச்சேக்கான பழுப்பு என்று ரெக்காடோக்களைக் கட்டி கட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டிய அளவு நிறுத்து வாங்கலாம்.

சித்திரைப்பாவை:

எங்கள் வீட்டில் நான் மட்டும் சைவம். முட்டை சாப்பிடுவேன். எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?

தேனடை:

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பாப்பாட்சூல் உங்களுக்காகவே செய்தது. வறுத்த பூசணி விதையை மாவாக அரைத்து, எபாஸோத்தே என்ற மணக்கீரை கொதித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கையால் பிசைவார்கள். பிசையப் பிசைய விதையிலிருந்து பச்சை எண்ணெய் கசியும். அதைச் சொட்டுச் சொட்டாக வழித்துத் தனியே எடுத்து வைப்பார்கள். மீதி விழுதைக் குழம்பு பதத்துக்குக் கரைத்து, அதில் சோள ரொட்டியைத் தோய்த்து, வெந்த முட்டையைப் பொடித்து உள்ளே வைத்துச் சுருட்டி, மேலே தக்காளிச் சாறு, கடைசியாக அந்தப் பச்சை எண்ணெய். பொறுமை இல்லாத கை இதைச் செய்யவே முடியாது.

பூசணி விதையும் சுட்ட தக்காளியும் சேர்த்து அரைத்த சிகில் பாக் என்ற துவையல் இருக்கிறது. சாயா கீரை முட்டையோடும் வரும், எலுமிச்சையோடு பானமாகவும் வரும். இந்தக் கீரை இப்போது நம் ஊர் வீட்டுத் தோட்டங்களிலும் வளர்கிறது. பச்சையாகச் சாப்பிடக் கூடாது, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பதை வளர்ப்பவர்கள் நினைவில் வையுங்கள். ஈபெஸ் என்ற வெள்ளை அவரை விதை நம் டபுள் பீன்ஸ் குடும்பம்தான்.

ஆனால் ஒன்று. பீன்ஸ் மசியலிலும் சோளமாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். கேட்காமல் சாப்பிடாதீர்கள். 'சின் மந்தேக்கா, சின் கார்னே' என்று சொன்னால் கொழுப்பும் இறைச்சியும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள்.

கொழும்புத்துறை:

நவம்பர் தொடக்கத்தில் போவது நல்லதா, டிசம்பரா?

தேனடை:

முடிந்தால் அக்டோபர் 31க்கு முன்பே வந்து நவம்பர் 2 வரை இருங்கள். ஹனால் பிஷான், இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள்கள். முதல் நாள் குழந்தைகளின் ஆன்மாவுக்கு, அடுத்த நாள் பெரியவர்களுக்கு, மூன்றாம் நாள் எல்லோருக்கும். அந்த நாள்களுக்கென்றே செய்வது முக்பில்போயோ. சோளமாவைக் கொழுப்பும் அச்சியோட்டேயும் சேர்த்துப் பிசைந்து, அகலமான தட்டாக வைத்து, நடுவில் கோழியும் கெட்டிக் குழம்பும் நிரப்பி மூடி, வாழை இலையில் கட்டி, அதே குழியடுப்பில் வைப்பார்கள். மாவில் எஸ்பெலோன் பயறும் சேர்ப்பார்கள். அது காராமணி இனம். திறக்கும்போது மேல்பக்கம் மொறுமொறுப்பாக, உள்ளே குழைவாக, இலையின் மணமும் புகையும் சேர்ந்து வரும். முதல் துண்டு படையலுக்கு. வீட்டுக்கு வந்தவருக்கும் ஒரு துண்டு கட்டாயம் உண்டு.

போக்குவரத்து: கான்குனில் இருந்தும் மெரிடாவில் இருந்தும் பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி. 2023 டிசம்பர் முதல் மாயா ரயிலும் நிற்கிறது. ஆனால் நிலையம் ஊர் நடுவில் இல்லை. கான்குன் இருக்கிற மாநிலத்தின் கடிகாரம் யுகட்டானை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். திரும்பும் விமானம் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

மிளகுக்கொடி:

கொச்சினீத்தா முறையில் கோழியை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: அச்சியோட்டே விதை கல் போல இருக்கும். மூன்று மேசைக்கரண்டி விதையை முந்தின இரவே வெந்நீரில் ஊறவையுங்கள். மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரை, கிராம்பு இரண்டு, ஒரேகானோ ஒரு தேக்கரண்டி, பூண்டு ஐந்தாறு பல், உப்பு. புளிப்பு ஆரஞ்சு கிடைக்காத இடத்தில் ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் பாதிக்குப் பாதி. எனக்கு நாரத்தங்காய்ச் சாறு இன்னும் நெருங்கி வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துக் கோழித் தொடையில் பூசி இரவு முழுக்க வைத்து, தணலில் வாட்டிய வாழை இலையில் சுற்றி, கனமான பாத்திரத்தில் வைத்து மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்து, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அடிப்பிடிக்காது. விதையின் சாயம் துணியில் பட்டால் போகவே போகாது, பழைய உடையோடு வேலையைத் தொடங்குங்கள்.

கொழும்புத்துறை:

ஒரே கேள்விதான் பாக்கி. கொச்சினீத்தா எந்த நேரத்தில் நல்லாக் கிடைக்கும்? ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள்.

தேனடை:

இரவுக்குக் காத்திருக்க வேண்டாம். அது காலை உணவு, அதிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலை. சனிக்கிழமை இரவு குழியில் இறக்கியதை விடியலில் தோண்டி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் நல்ல பகுதியெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். புளிப்பு ஆரஞ்சில் ஊறிய சிவப்பு வெங்காயத்தைத் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் இருக்கும் ஹபனேரோ மிளகாய்ச் சாந்தை மட்டும் முதலில் ரொட்டி ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.